எடைக்காக ஓடுவதும் ஓட்டத்துக்காகச் சாப்பிடுவதும்

2004 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஒரே பக்கத்தில் ஒரு சிறு கட்டுரை வந்தது. கூடவே ஒரு புகைப்படம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கில் இருவரும் சமம்: 22.3. எந்த மருத்துவமனைச் சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்தாலும் இருவருக்கும் ‘சரியான எடை’ என்றே வரும். ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக் ஓடுவதெல்லாம் மூடப்போகும் லிஃப்ட் கதவை எட்டிப்பிடிக்கத்தான் என்று கட்டுரை குறும்பாகச் சொன்னது.

ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பைச் சுட்டிக்காட்ட எழுதப்பட்ட கட்டுரை அது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. எடை மெஷினில் ஏறி நின்றால் தெரிவது எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர், குடலில் கிடக்கும் நேற்றைய சாப்பாடு எல்லாம் சேர்ந்த ஒற்றை எண். இவற்றில் எது ஓட்டத்துக்கு உதவுகிறது, எது சுமை என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. இருந்தும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் பயிற்சிக் காலமான நான்கு மாதமும் காலையில் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான்.

அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். டாக்டர் சொன்னார் என்று நடக்க ஆரம்பித்து, நடை மெல்லோட்டமாகி, நண்பர் இழுத்ததால் ஓட்டக் குழுவில் சேர்ந்து, 10 கி.மீ., அரை மாரத்தான் என்று வளர்ந்தவர்கள் சென்னையிலும் கோவையிலும் ஏராளம். அவர்கள் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ஓடினால் எடை குறையுமா? எடை குறைந்தால் வேகம் கூடுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் சொல்லலாம். ஆனால் இரண்டுமே ஓர் எல்லை வரைக்கும்தான். அந்த எல்லையைக் கவனிக்காமல் கடந்தவர்களுக்குத்தான் ஓட்டம் நோயாகவும் எலும்பு முறிவாகவும் முடிந்திருக்கிறது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சமதரையில் ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிக் கொண்டுபோக ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றமில்லை. 70 கிலோ எடையுள்ளவர் 10 கி.மீ. ஓடினால் 700 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சேமித்திருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வேறெதுவும் மாறாமல் இருந்தால், ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க அவர் 110 கி.மீ. ஓட வேண்டும்.

வேறெதுவும் மாறாமல் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை காலை, லாங் ரன் முடித்த ஒரு குழு ஓட்டலுக்குள் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நெய் மினுங்கும் பொங்கல் ஒரு தட்டு, இரண்டு உளுந்து வடை, சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி. ‘இன்னைக்குப் பதினெட்டு ஓடியாச்சு, இன்னொரு வடை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.’ 10 கி.மீ. ஓடிச் செலவழித்த கலோரி அந்தத் தட்டிலேயே கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிடுகிறது. வீட்டுக்குப் போனால் மத்தியானம் நீண்ட தூக்கம். வழக்கமாகக் கடைக்கு நடந்து போகிறவர் அன்று மட்டும் வண்டியை எடுக்கிறார். ஓட்டத்தில் செலவானதை உடல் பசியாலும் ஓய்வாலும் திரும்பக் கேட்கிறது. இதற்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். பட்டினியில் சாகாமல் பிழைத்து வந்த உடலின் பழக்கம் இது.

அமெரிக்க மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்ஸர் இதைத் தான்சானியாவில் பார்த்தார். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்ஸா மக்கள் நாளெல்லாம் நடக்கிறார்கள். ஆனால் உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் அவர்கள் செலவிடும் மொத்தக் கலோரி மேலை நாட்டு நகரவாசிகளின் செலவைப் போலவேதான் இருந்தது. 2012இல் வெளியான இந்த முடிவு உடற்பயிற்சி பற்றிய பல எளிய கணக்குகளைக் கலைத்தது. ஓரிடத்தில் செலவு கூடினால் உடல் வேறிடத்தில் சிக்கனம் செய்கிறது.

2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இன்னும் நேரடியானது. அதிக எடையுள்ள இளைஞர்களை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பத்து மாதம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு முறையும் 400 கலோரி செலவிட்டது, இன்னொரு குழு 600 கலோரி. சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. காகிதக் கணக்குப்படி 600 கலோரிக் குழுவுக்கு 15 கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறைந்தது சராசரியாக 5.2 கிலோ. 400 கலோரிக் குழுவுக்கு 3.9 கிலோ. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். ஐந்து கிலோ சின்ன விஷயமில்லை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதற்கே இறங்கிவரும். ஆனால் ஓட்டம் மட்டுமே எடையைக் கரைத்துவிடும் என்று நம்பி வருகிறவர் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. மூன்றாம் மாதத்தில் முள் நகரவில்லை என்று ஓட்டத்தையே விட்டுவிடுகிறவர்கள், எடையைத் தவிர ஓட்டம் தந்த மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி எடையும் வேகமும். இங்கே இயற்பியல் எடை குறைந்தவர் பக்கம்தான். நெடுந்தூர ஓட்டத்தில் ஒருவரின் திறனை அளக்கும்போது, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை எடையால் வகுத்துத்தான் பார்க்கிறார்கள். அதே இதயம், அதே நுரையீரல், ஆறு கிலோ கொழுப்பு குறைவு என்றால் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த அளவுக்கு மலிவாகிறது. முழங்காலுக்கும் ஆறுதல் உண்டு. மூட்டுத் தேய்மானம் உள்ள, எடை அதிகமான முதியவர்களை ஆராய்ந்து ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு 2005இல் சொன்னது இது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய உடல் அதிகச் சூட்டை உண்டாக்கும், அதை வெளியேற்றச் சிரமப்படும். வியர்வை காயாத சென்னைக் காற்றில் இது கண்கூடு.

ஆகவே கூடுதல் கொழுப்பைச் சுமந்துகொண்டு ஓடுபவர் அதை இறக்கினால் வேகம் வரும், வலி குறையும். இதில் சந்தேகமில்லை. இந்தக் கோடு கடைசிவரை நேராகவே போகும் என்று நம்பும்போதுதான் தவறு தொடங்குகிறது. கொழுப்பு குறைந்தபின் அடுத்துக் கரைவது தசை. அதற்கடுத்து எலும்பு.

உலகின் வேகமான கால்கள் என்ன சாப்பிடுகின்றன? கென்யாவின் ஆய்வாளர் வின்சென்ட் ஒன்யவேரா, யானிஸ் பிட்சிலாடிஸ் முதலியோருடன் சேர்ந்து, அந்நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்கள் பத்துப் பேருடைய தட்டை ஏழு நாள் எடைபோட்டுப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார். கலோரியில் 76.5 சதவீதம் மாவுச்சத்து, 13 சதவீதம் கொழுப்பு, 10 சதவீதம் புரதம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10.4 கிராம் மாவுச்சத்து. நான்கில் ஒரு பங்குக் கலோரி உகாலியிலிருந்து. நம் கேழ்வரகுக் களியைப் போன்ற பண்டம்தான், ஆனால் வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டுவது. ஐந்தில் ஒரு பங்கு வெறும் சர்க்கரை. அதிலும் பெரும்பங்கு, பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்துக் காய்ச்சிய டீயில் வந்தது. பவுடர் டப்பா இல்லை, மாத்திரை இல்லை. ஓடி முடித்ததும் உடனே உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம்.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. பெரிய போட்டி நெருங்கிய அந்த வாரத்தில் அவர்கள் சாப்பிட்டது நாளுக்கு 2,987 கலோரி, செலவிட்டது 3,605. சராசரி எடை 58.9 கிலோவிலிருந்து 58.3க்கு இறங்கியது. பட்டினிதான் வெற்றியின் ரகசியம் என்று இதைச் சிலர் படித்தார்கள். அது ஒரு வாரப் படம் மட்டுமே. ஆண்டு முழுக்க அப்படி ஓடியிருந்தால் அந்த உடல்கள் தாங்கியிருக்காது.

நம்மூர்த் தட்டையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, கோதுமை, சர்க்கரை. இதே ஆய்வாளர்கள் இந்த உணவைச் சர்க்கரை நோயோடு சேர்த்துப் பேசுகிறார்கள், கென்யாவிலோ அதைவிட அதிக மாவுச்சத்து சாப்பிடுகிறவர்கள் பதக்கம் வாங்குகிறார்கள். இதில் முரண்பாடு இல்லை. உகாலி தின்றவர் அன்று இரண்டு வேளை ஓடினார். சோறு தின்றவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓடாத நாளிலும் ஓடிய நாளிலும் ஒரே அளவு சோறு என்பதுதான் தமிழ்நாட்டு ஓட்டக்காரரின் தட்டில் முதலில் திருத்த வேண்டிய பழக்கம். ஒரு மணி நேரம் மிதமாக ஓடுபவருக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம், ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு 6 முதல் 10 கிராம் மாவுச்சத்து என்பது அமெரிக்க, கனடா உணவியல் அமைப்புகளும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2016இல் கூட்டாகச் சொன்ன அளவு. ஓய்வு நாளில் அது இயல்பாகவே இறங்க வேண்டும்.

மாவுச்சத்தின் மதிப்பு ஓட்ட உலகுக்குப் புரிந்தது ஒரு நூறாண்டுக்கு முன்பு. 1924 பாஸ்டன் மாரத்தான் முடிவில் மருத்துவர்கள் சிலருடைய ரத்தத்தைச் சோதித்தார்கள். சோர்ந்து, வெளிறி, குழம்பிய நிலையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு சிலருக்கு முன்கூட்டியே நன்றாகச் சாப்பிடக் கொடுத்து, வழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். அவர்கள் தெளிவாக வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த பெரிய தாவல் ஸ்டாக்ஹோமில். 1966இல் யோனஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு ஆட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இருபக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள், கால் ஓயும்வரை. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன், அதாவது தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்து, ஏறத்தாழ இருமடங்கு. சும்மா இருந்த காலில் அப்படி ஏறவில்லை. தசை தன் எரிபொருளைத் தானே சேமிக்கிறது, உழைத்த தசைதான் அதிகம் சேமிக்கிறது என்று தெரிந்தது. இதைப் பின்பற்றிச் சாப்பிட்ட பிரிட்டன் வீரர் ரான் ஹில், 1969இல் ஏதென்சில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப் மாரத்தானில், முன்னால் போய்க்கொண்டிருந்த பெல்ஜியத்தின் காஸ்டன் ருலான்ட்ஸைக் கடைசிக் கட்டத்தில் தாண்டித் தங்கம் வென்றார்.

எதிர்க்குரலும் எழுந்தது. ஓட்டக்காரர்கள் போற்றிய ‘லோர் ஆஃப் ரன்னிங்’ நூலை எழுதிய தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ், தனக்கே சர்க்கரை நோய் வந்தபின் மாவுச்சத்துக்கு எதிராகத் திரும்பினார். தன் நூலில் உணவு பற்றிய பக்கங்களைக் கிழித்துவிடுங்கள் என்றே வாசகர்களிடம் சொன்னார். கொழுப்பை எரிக்க உடலைப் பழக்கினால் சர்க்கரை தேவையில்லை என்பது அந்த அணியின் வாதம். எடை குறைக்கும் ஆசையோடு இது எளிதாகக் கைகோத்துக்கொள்ளும் என்பதால் பேலியோ, கீட்டோ என்ற பெயர்களில் நம்மூர் ஓட்டக் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த வாதத்தை ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க் நேர்மையாகச் சோதித்துப் பார்த்தார். உலகத் தரம் வாய்ந்த வேகநடை வீரர்களை முகாமில் தங்கவைத்து, மூன்று வாரம் அளந்து சாப்பாடு போட்டார். 2017இல் முடிவு வந்தது. கொழுப்பு உணவுக் குழுவின் உடல் உண்மையாகவே கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. மாவுச்சத்துக் குழு 10 கி.மீ. நடையில் 6.6 சதவீதம் முன்னேறியது, கொழுப்புக் குழு முன்னேறவே இல்லை. அதே பயிற்சி, வீணான மூன்று வாரம். பின்னர் மறுபடி செய்த சோதனையிலும் இதே முடிவு. சர்க்கரை நோயாளி ஒருவர் டாக்டர் மேற்பார்வையில் மாவுச்சத்தைக் குறைப்பது வேறு விஷயம். வேகத்துக்காக மாரத்தான் பயிற்சியின் நடுவில் சோற்றை ஒதுக்குவதற்கு ஆதாரம் இல்லை.

வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு அதிகம் கரையும் என்பதும் இதே குடும்பத்து நம்பிக்கைதான். அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு சற்று அதிகம் எரிவது உண்மை. ஆனால் 2014இல் 20 இளம்பெண்களை நான்கு வாரம் கவனித்த ஓர் ஆய்வில், சாப்பிட்டுப் பயிற்சி செய்தவருக்கும் சாப்பிடாமல் செய்தவருக்கும் கொழுப்புக் குறைவில் வித்தியாசம் இல்லை. விடிகாலையில் ஐந்தாறு கி.மீ. மெதுவாக ஓட வெறும் வயிறு பரவாயில்லை. இருபது கி.மீ. ஓடப் போகிறவர் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இனி வருவது இந்தக் கட்டுரையின் கவலையான பகுதி.

2013இல் 17 வயது அமெரிக்கப் பெண் மேரி கெய்ன் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிச் சுற்று வரை ஓடினார். அவரைப் போல் ஓர் இளம் வீராங்கனை வந்ததே இல்லை என்று பேசினார்கள். 2019 நவம்பரில் அவர் நியூயார்க் டைம்ஸ் வழியாகத் தன் கதையைச் சொன்னார். எடையைக் குறை, இன்னும் குறை என்று பயிற்சி முகாமில் தொடர்ந்து நெருக்கடி. மூன்று ஆண்டு மாதவிடாய் நின்றுபோனது. ஐந்து எலும்புகள் முறிந்தன. பயிற்சியாளர் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. அதன் பிறகு பல நாட்டு ஓட்டக்காரப் பெண்கள் அதே கதையைத் தங்கள் பெயரில் சொல்ல முன்வந்தார்கள்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை ‘ரெட்-எஸ்’ என்று வகைப்படுத்தியது: உழைப்புக்கு ஏற்ற ஊட்டம் கிடைக்காததால் வரும் சீர்கேடு. உடல் முதலில் பயிற்சிக்கான கலோரியைக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சியதைக் கொண்டுதான் இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன், நோயெதிர்ப்பு எல்லாம் குடும்பம் நடத்த வேண்டும். மிச்சம் போதாவிட்டால் உயிர் வாழ அவசியமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நிற்கும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். எலும்பு மெலியும், சளி விடாது, தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எவ்வளவு ஓடினாலும் நேரம் முன்னேறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண். உடல் கொழுப்பு 25 சதவீதம் என்றால் கொழுப்பைக் கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ 41 கிலோ. பயிற்சிச் செலவு போக இந்த எடையில் கிலோவுக்கு 45 கலோரி மிஞ்சினால் உடல் நிறைவாக இயங்கும். 30க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாறுகின்றன என்று ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஆன் லௌக்ஸ் 2003இல் காட்டினார், அதுவும் ஐந்தே நாளில். இது எல்லோருக்கும் கத்தியால் வெட்டிய கோடு இல்லை, ஆனாலும் நல்ல எச்சரிக்கை. இப்போது அந்தப் பெண் எடை குறைக்க 1,500 கலோரி டயட்டில் இருக்கிறார், காலையில் 12 கி.மீ. ஓடுகிறார். ஓட்டத்துக்கு 660 போனால் மிச்சம் 840. அதை 41ஆல் வகுத்தால் 20. டயட் அட்டவணை எழுதிக் கொடுத்தவருக்கு ஓட்டம் தெரியாது, ஓட்டப் பயிற்சியாளருக்கு டயட் தெரியாது. நடுவில் அந்த உடல் தேய்கிறது.

தமிழ் வீடுகளில் டயட் என்ற பெயரே இல்லாமல் இது நடக்கிறது. நாலரைக்கு எழுந்து, அரை டம்ளர் காபியோடு ஓடப் போய், ஆறரைக்குத் திரும்பி, எல்லோருக்கும் டிபன் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அந்த வீட்டுப் பெண் தட்டோடு உட்காரும்போது மணி பத்து. ஹாட்பாக்ஸில் இருப்பது இரண்டு இட்லி. செவ்வாய், வெள்ளி விரதம் வேறு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது அதே குடும்பநல ஆய்வு. ஓட்டம் இரும்புச்சத்தின் தேவையை இன்னும் கூட்டுகிறது. ஓடி முடித்த சில மணி நேரம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கவும் செய்கிறது. ஓடும் பெண்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பது அவசியம். காபி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது, கம்போ கீரையோ சாப்பிடும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்வது செலவில்லாத உதவி.

பள்ளி, கல்லூரி மைதானங்களில் பயிற்சி கொடுப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வளரும் பெண்பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் எடை பார்க்காதீர்கள். எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்று ஒரு பெண் சொன்னால், அது கடும் பயிற்சியின் அடையாளம் இல்லை. டாக்டரிடம் அனுப்ப வேண்டிய நேரம்.

அப்படியானால் குறைக்க வேண்டிய எடையை எப்போது, எப்படிக் குறைப்பது? நார்வேயின் இனா கார்தே 24 முன்னணி விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைத்தது, இன்னொன்று 1.4 சதவீதம். இரு பிரிவுக்கும் எடைப்பயிற்சி உண்டு. 2011இல் வெளியான முடிவில், மெதுவாகக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு கரைந்ததோடு தசை 2 சதவீதம் கூடியும் இருந்தது. அவசரப்பட்டவர்களுக்குத் தசை கூடவில்லை. 70 கிலோ உள்ளவருக்கு வாரம் அரை கிலோ. அதற்கு மேல் போனால் இழப்பு வேறெங்கோ.

காலமும் முக்கியம். கனடாவின் உடலியல் வல்லுநர் டிரென்ட் ஸ்டெல்லிங்வெர்ஃப் ஓர் ஒலிம்பிக் ஓட்ட வீராங்கனையின் ஒன்பது ஆண்டுக் கணக்கை 2018இல் வெளியிட்டார். ஆண்டின் பெரும்பகுதி அந்தப் பெண் போட்டி எடையில் இல்லை. சற்றுக் கூடுதல் எடையில், வயிறாரச் சாப்பிட்டுப் பயிற்சி செய்தார். பெரிய போட்டிக்கு முன் மட்டும் சில வாரம் சிறிய அளவில் குறைத்தார். ஒலிம்பிக் வீராங்கனைக்கே அப்படியென்றால், வேலைக்குப் போய்க்கொண்டு ஓடுபவர் ஆண்டு முழுக்க வயிற்றைக் கட்டுவதில் அர்த்தமில்லை. மாரத்தான் ஜனவரியில் என்றால், எடைக்கான மாதங்கள் மே முதல் ஆகஸ்ட் வரை. ஓட்டம் குறைவாக உள்ள அந்த நாட்களில் தினம் 300 முதல் 500 கலோரி குறைக்கலாம். லாங் ரன் 25 கி.மீ. தாண்டிய பிறகு டயட்டை நிறுத்திவிட வேண்டும்.

எதைக் குறைப்பது என்பதில் நம் சமையல் உதவுகிறது. இரண்டாம் முறை போடும் சோறு, எண்ணெயில் பொரித்தது, சாயங்கால மிக்சர், நாளுக்கு நாலு டம்ளர் சர்க்கரைக் காபி. இவற்றில் கை வைத்தாலே 400 கலோரி கிடைத்துவிடும். கூட்ட வேண்டியது புரதம். ஓட்டக்காரருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்பது பொது அளவு. எடை குறைக்கும் காலத்தில் மேல்பக்கம் நிற்பது நல்லது. 60 கிலோ உள்ளவருக்கு 90 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் எட்டு கிராம்தான் தரும். இரண்டு முட்டை 12 கிராம், ஒரு துண்டு மீன் 20 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஏழு கிராம். சைவம் சாப்பிடுகிறவர்கள் சுண்டல், பயறு, பனீர், தயிர், சோயா என்று ஒவ்வொரு வேளையிலும் தேடித்தான் சேர்க்க வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நம்பி இருப்பது போதாது. ஒரு கரண்டி சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம்.

எடை மெஷினுக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் ஏறிப் பாருங்கள். இடையில் குறைந்த கிலோ கொழுப்பு இல்லை, வியர்வை. 70 கிலோ உள்ளவர் 68.5இல் திரும்பினால், குடித்ததற்கு மேல் ஒன்றரை லிட்டர் போயிருக்கிறது. அன்று மாலைக்குள் எடை பழையபடி வந்துவிட வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் அதற்கு அருமையான பானம். மாறாக, கிளம்பியதைவிடக் கூடுதல் எடையோடு ஒருவர் திரும்பினால் அது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கி உயிரே போகலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

கடைசி வாரத்தில் பயிற்சி குறைகிறது, பசி குறைவதில்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் கிலோவுக்கு எட்டு முதல் பத்து கிராம் மாவுச்சத்து வேண்டும். அந்த நாட்களில் வெள்ளைச் சோறும் ரசமும் தயிரும் இட்லியும் வாழைப்பழமும்தான் நல்ல உணவு. கீரை, சுண்டல், கம்பு ஆகியவற்றைப் போட்டி முடிந்த திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், வயிறு லேசாக இருக்கும். 60 கிலோ உள்ளவருக்கு மாரத்தானில் 2,500 கலோரி செலவாகும். தசையிலும் கல்லீரலிலும் சேரும் கிளைக்கோஜன் 2,000 கலோரி அளவுக்குத்தான் வரும். அது தீரும் இடம்தான் ஓட்டக்காரர்கள் ‘சுவர்’ என்று சொல்லும் 30, 32ஆம் கிலோமீட்டர். கொழுப்பும் உடன் எரிந்து கைகொடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி வேகத்தைக் காக்க முடியாது. அதனால்தான் வழியிலும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுக்கச் சொல்கிறார்கள். ஜெல்லோ பழமோ, லாங் ரன்களில் சாப்பிட்டுப் பழகியதாக இருக்கட்டும்.

ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆகவே போட்டிக்கு முந்தின நாள் எடை ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ கூடியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இரவுச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். கூடியது கொழுப்பு இல்லை. மறுநாள் 30ஆம் கிலோமீட்டருக்கு மேல் கால் கேட்கப் போவது அதைத்தான்.